மேசை அறைக்குள் ஒரு சுரங்கம்

கோலார் தங்கவயலின் பெயரைக் கேளாத தமிழர் குறைவு. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நிலத்தைக் குடைந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வெப்பத்தையும் பாறைத் தூசியையும் தாங்கி அவர்கள் வெட்டியெடுத்த ஒரு டன் பாறையிலிருந்து இறுதிக் காலத்தில் கிடைத்தது சில கிராம் தங்கமே. வரவு செலவுக்கு ஈடாகாத நிலையில், 2001ஆம் ஆண்டு அச்சுரங்கம் மூடப்பட்டது. அந்தப் பாறையைவிடப் பன்மடங்கு செறிவாகத் தங்கம் பொதிந்த பொருளொன்று இன்று நம் வீட்டு மேசை அறைக்குள் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதுவே பழைய கைப்பேசி.

துளியும் திரளும்

தனியொரு கைப்பேசியில் உள்ள தங்கம், ஒரு கிராமில் நூற்றில் சில பங்கே. ஆயினும், சிறுதுளிகள் ஒன்றுசேர்ந்தால் என்னவாகும் என்பதை ஜப்பான் காட்டியது. டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்காக 2017 முதல் 2019 வரை அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 62 இலட்சம் கைப்பேசிகளையும் பிற சிறு மின்கருவிகளையும் அளித்தனர். அவற்றிலிருந்து சுமார் 32 கிலோ தங்கமும், வெள்ளியும் வெண்கலத்துக்குரிய உலோகங்களும் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 பதக்கங்களாயின.

உலகம் முழுவதையும் நோக்கினால் நிலைமை வேறு. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்கு மட்டுமே.

இரு வழிகள்

கைப்பேசியில் பொன்னும் செம்பும் மட்டுமல்ல, நஞ்சும் உண்டு. பழைய கருவிகளின் பற்றாசில் ஈயம் இருக்கும். நெகிழி உறை பூண்ட கம்பிகளைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் புகையில் கலக்கும். தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்திலும் எளிய மக்கள் வெறுங்கையால் இப்பணியைச் செய்துவந்தனர். செம்புக்காகக் கம்பிகளை எரித்தனர். பொன்னுக்காக மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் அமிழ்த்தினர். மொராதாபாத்தில் அக்கழிவு ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட நேர்ந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். நாம் எறிந்த பொருளுக்கு, நாம் அறியாத ஒரு குழந்தை விலை கொடுக்கிறது.

முறையான ஆலையில் முதலில் மின்கலம் தனியே அகற்றப்படும். பின்னர்க் கருவி நொறுக்கப்பட்டு, காந்தத்தால் இரும்பு பிரிக்கப்படும். மின்சுற்றுப் பலகைகள் உருக்காலைக்குச் சென்று செம்பும் வெள்ளியும் பொன்னும் மீளும். புகையும் கழிவுநீரும் தூய்மை செய்யப்பட்ட பின்னரே வெளியேறும்.

இதனால், பழைய பொருள் வாங்கும் வணிகரைக் குற்றவாளியாகக் கருதுதல் தகாது. வீடு வீடாகச் சென்று பொருளைத் திரட்டும் திறன் அவரிடமே உள்ளது. அவர் திரட்டுவது எரிப்பிடத்துக்குச் செல்லாமல் ஆலைக்குச் செல்ல வழிசெய்வதே தேவை. உற்பத்தியாளரே தம் பொருளின் இறுதிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கொள்கையை இந்தியாவின் 2011ஆம் ஆண்டு விதிகள் கொண்டுவந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகள் அப்பொறுப்பை மேலும் வலியுறுத்துகின்றன.

நம் கடமை

மறுசுழற்சி இறுதிப் படியே, முதற்படி அன்று. ஒரு கைப்பேசியால் சூழலுக்கு நேரும் சுமையின் பெரும்பகுதி, அதனை உருவாக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. எனவே, மின்கலத்தையோ திரையையோ மாற்றி ஈராண்டு கூடுதலாகப் பயன்படுத்துவதே முதல் அறம். நமக்கு வேண்டாதது இயங்கும் நிலையில் இருப்பின், தேவைப்படுவோருக்கு வழங்கலாம். அதுவும் இயலாதபோது, தரவுகளை அழித்து, சிம் அட்டையை எடுத்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். உப்பிய மின்கலத்தைக் குத்துதலும் குப்பையில் எறிதலும் தீ விபத்துக்கு இடமாகும்.

கோலாரில் மண்ணுக்கடியில் இறங்கியவர்கள் தம் உடல்நலத்தை ஈடுவைத்துப் பொன்னெடுத்தனர். மேசை அறைக்குள் இருக்கும் சுரங்கத்தில் யாரும் அவ்வாறு இறங்க வேண்டியதில்லை. அதனைத் திறந்து, உரிய இடத்தில் சேர்ப்பது நம் கையில் இருக்கிறது.