பழைய மருந்தும் புதிய எதிர்பார்ப்பும்

வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு எலிக்காய்ச்சலைத் தடுப்பதற்கென நமது நாட்டில் வழங்கப்படும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை அறியாதவர் குறைவு. 1967இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, விலை குறைந்த நுண்ணுயிர்க்கொல்லி அது. அம்மருந்து புற்றுநோய் பரவுவதையும் மட்டுப்படுத்துமா என்பதை விஞ்ஞானிகள் நீண்டகாலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

புற்றுநோயால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு, அது பிற உறுப்புகளுக்குப் பரவுவதே காரணமாகும். பரவ முனையும் கலங்கள், தம்மைச் சூழ்ந்துள்ள கொலாஜன் முதலிய புரத வலையை அறுத்தாக வேண்டும். துத்தநாகத்தின் துணையுடன் இயங்கும் ஒருவகை நொதியங்களே அவ்வேலையைச் செய்கின்றன.

1983இல் நியூயோர்க் மாநிலத்தின் ஸ்டோனி புறூக் பல்கலைக்கழகப் பல்வைத்திய ஆய்வாளர் லோர்ன் கோலப் குழுவினர் எதிர்பாராத உண்மையொன்றை வெளியிட்டனர். டொக்சிசைக்கிளினின் குடும்பத்தைச் சேர்ந்த மினோசைக்கிளின், நீரிழிவுள்ள எலிகளின் முரசில் இந்நொதியத்தின் செயற்பாட்டைக் குறைத்தது. கிருமிகளற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளிலும் அவ்வாறே நிகழ்ந்தமையால், இது கிருமிகொல்லும் ஆற்றலின் விளைவன்று என்பது தெளிவாயிற்று. இதன் தொடர்ச்சியாக, நாளொன்றுக்கு இருமுறை 20 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் 1998இல் முரசு நோய்க்கென அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. கிருமிகளைக் கொல்ல இவ்வளவு போதாது. நொதியத்தை அடக்கப் போதும்.

ஆய்வுகூடங்களில் புற்றுநோய்க் கலங்களின் ஊடுருவலையும் இக்குடும்ப மருந்துகள் குறைத்தன. ஆயினும், மனித உடல் ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டன்று. கிருமிகொல்லும் ஆற்றல் நீக்கப்பட்ட இவ்வகை மருந்தொன்று, கபோசி சார்கோமா என்னும் புற்றுநோய்க்கெனப் பரிசோதிக்கப்பட்டபோது நோயாளரில் ஒரு பகுதியினருக்கே பலனளித்தது. வெயில் பட்டால் தோல் பாதிப்புறும் பக்கவிளைவும் காணப்பட்டது. அதே நொதியங்களை அடக்கவெனப் புதிதாக உருவாக்கப்பட்ட மரிமஸ்டாட் போன்றவையும் பெரும் பரிசோதனைகளில் ஏமாற்றமளித்தன.

அதற்காக இம்முயற்சியைக் கைவிடலாகாது என்பதே நமது கருத்து. காப்புரிமை காலாவதியான மருந்தில் பெரும் இலாபம் இல்லையாதலால், கம்பனிகள் பணம் செலவிட முன்வருவது அரிது. எனவே அரசுகளும் பல்கலைக்கழகங்களுமே இப்பொறுப்பை ஏற்க வேண்டும். ஏழை நாடுகளுக்கு இது வெறும் விஞ்ஞான ஆர்வமன்று. சிகிச்சைக்காகக் காணி, நகைகளை ஈடுவைக்கும் குடும்பங்களின் வாழ்வுப் பிரச்சினை.

அதேவேளை, செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் மருந்துக்கடைக்கு விரைவதும் ஆபத்தானது. வைத்தியரின் ஆலோசனையின்றி நுண்ணுயிர்க்கொல்லிகளை உட்கொள்வது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவே வழிவகுக்கும். நிரூபிக்கப்பட்ட சிகிச்சையை இடைநிறுத்துவதோ உயிருக்கே உலைவைக்கும். நம்பிக்கை வேண்டியதுதான்; அது நிரூபணத்தை முந்திச் செல்லலாகாது.