மரநிழலில் வளரும் காட்டுப்புல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களின் வளவுகளில் மாவும் பலாவும் தென்னையும் நின்று நல்ல நிழல் தருகின்றன. ஆயினும், அந்நிழலின் கீழ்த் தரை பெரும்பாலும் வெறும் மணலாகவே கிடக்கின்றது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மாரிமழை அம்மணலை அரித்துச் செல்ல, மரவேர்கள் வெளியே தெரிகின்றன. பின்னர் கச்சான் வீசுங்காலத்தில் மேல்மண் காய்ந்து விடுகின்றது.

இத்தரையில் அறுகு நட்டவர் பலர். அறுகு வெயிலை வேண்டும் புல். நிழலில் மெலிந்து மஞ்சளித்து அழியும். நிழலுக்கு நிழலிற் பிறந்த புல்லே ஏற்றது. நம் நாட்டுக் காடுகளில் மரங்களின் அடியில் இயற்கையாகப் படரும் அத்தகைய புல் ஒன்றைத் தாவரவியலார் ஒப்ளிஸ்மெனஸ் கொம்பொசிட்டஸ் என்பர்.

அடையாளம்

இதன் இலை அகன்று மெல்லியதாய், ஓரம் அலை போன்று நெளிந்திருக்கும். அகன்ற இலை குறைந்த ஒளியையும் ஏற்றுக்கொள்ளும். தண்டு தரையிற் படர்ந்து, கணுக்கள் தோறும் வேர்விடும். இவ்வேர்களே மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. முதிர்ந்த கதிரின் கூர்கள் பசைத்தன்மை உடையன. ஆடையிலும் ஆடுமாடுகளின் மயிரிலும் ஒட்டிப் பரவும்.

நடும் முறை

முதல் மழை பெய்து மண் நனைந்ததும் நடுக. மணலுடன் மக்கிய இலைப்பசளையைக் கலந்து, மூன்று கணுக்கள் உள்ள தண்டுகளை அரைச்சாண் இடைவெளியில், இரு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு பதிக்க வேண்டும். வேரூன்றும் வரை ஆடுகளைத் தடுக்க வேண்டும். கச்சான் காலத்தில் மண் காயாதவாறு நீரூற்றுக. கதிர் முதிருமுன் அறுத்துவிட்டால் ஆடையில் ஒட்டும் தொல்லை இராது. அறுத்த புல் கால்நடைக்குத் தீனியாகும்.

கவனிக்க வேண்டியவை

ஒதுக்கப்பட்ட காடுகளிலிருந்து அனுமதியின்றிச் செடிகளைப் பிடுங்குதல் கூடாது. பழைய தோட்டங்களில் வளர்ந்திருப்பின் உரியவரிடம் கேட்டுப் பெறுக. பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்திற்கு இப்புல் ஏற்றதன்று, மிதிபட்டால் நசிந்துவிடும். உவர்க்காற்று நேரே படும் கடலோர மணலுக்கு இராவணன் மீசையும், வெயில் படும் முற்றத்திற்கு அறுகுமே பொருந்தும்.

மரத்தடியைத் தினந்தோறும் பெருக்கிச் சருகை எரிக்கும் வழக்கத்தையும் கைவிடுதல் நன்று. சருகு மக்கினால் புல்லுக்கு உணவு. புல் படர்ந்தால் மண்ணுக்குக் காவல். கமக்காரர் இம்மாரியில் ஒரு மரத்தடியிலேனும் இதனை நட்டுப் பார்ப்பாராக.