'உள்நாட்டு' கோவாக்சினும் கன்சாஸ் மூலக்கூறும்

புதுதில்லி: கோவாக்சின் ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் செலவிட்டது ரூ.35 கோடி, 2022 ஜனவரி வரை அதற்குக் கிடைத்த உரிமத்தொகை ரூ.170 கோடிக்கும் மேல். நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்த கணக்கு இது. முற்றிலும் உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமிதத்துக்கு இந்தக் கணக்கும் வலுச்சேர்த்தது. ஆனால், அத்தடுப்பூசியில் சேர்க்கப்பட்ட ஊக்கப்பொருளின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது.

கோவாக்சினில் இருந்தது செயலிழக்கச் செய்யப்பட்ட கரோனா வைரஸ். அதை மட்டும் செலுத்தினால் உடல் பெரிதாகப் பொருட்படுத்தாது. கிருமி நுழைந்ததை முதலில் உணர்பவை, எதிர்ப்பணுக்கள் உருவாவதற்கு முன்பே பிறவியிலேயே அமைந்துள்ள 'டோல்' வகை ஏற்பிகள். அவற்றில் 7, 8 ஆகிய எண்களைக் கொண்டவை வைரஸின் ஆர்.என்.ஏ.வை அடையாளம் காண்கின்றன. உடனே செல்கள் சைட்டோகைன் எனும் புரதங்களைச் சுரக்கின்றன. ரத்த நாளங்கள் விரிந்து, காவல் அணுக்கள் திரள்கின்றன. இதுவே அழற்சி. தமிழர்கள் கணிசமாக வாழும் பெங்களூரு லிங்கராஜபுரமானாலும் சென்னை ராயபுரமானாலும், 2021-ல் ஊசி போட்டுக்கொண்டவரின் தோள் வலித்ததும் இரவில் காய்ச்சல் கண்டதும் இதனால்தான். அதே அழற்சி எல்லை மீறினால் உயிருக்கே ஆபத்து. தீவிர கரோனா நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது அதைத் தணிக்கவே.

இந்த ஏற்பிகளைத் தட்டி எழுப்பும் மூலக்கூறை உருவாக்கியவர், கன்சாஸ் மாகாணத்தின் லாரன்ஸ் நகரில் இயங்கும் வைரோவாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சுனில் டேவிட். இம்மூலக்கூறு, நெடுங்காலமாகத் தடுப்பூசிகளில் பயன்படும் படிகார வகை அலுமினியச் சேர்மத்துடன் பிணைக்கப்பட்டது. 2009 முதல் இவரது ஆய்வுக்கு நிதி அளித்து வந்ததாக 2021 ஜூனில் அறிவித்தது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம். ஹைதராபாதின் பாரத் பயோடெக் உரிமம் பெற்றே அதைப் பயன்படுத்தியது.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. தடுப்பூசி எதுவும் ஒரே நாட்டின் அறிவால் உருவாவதில்லை. ஈயிடம் 'டோல்' மரபணுவின் பணியைக் கண்டறிந்த பிரான்ஸின் ஹாஃப்மனுக்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வை நடத்தியபோது தடுப்பூசி அவர் கணக்கிலேயே இல்லை. இத்தகைய ஆய்வுக்குப் பொறுமையாகப் பணம் தரும் வழக்கம் இங்கு குறைவு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிட்டது 2020-21-ல் 0.64 சதவீதமே.

ஹைதராபாதில் உள்ள இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம், இதே மூலக்கூறை உள்நாட்டு வேதிப்பொருள்களைக் கொண்டு தயாரிக்கும் முறையை வகுத்துத் தந்தது. தயாரிப்பு முறை நம்முடையதாகிவிட்டது. மூலக்கூறின் உரிமம் இன்னமும் கன்சாஸிடமிருந்து பெற்றதுதான்.