பத்தில் ஒரு பங்கு

கற்பனை தேசங்கள், நிஜக் கணக்குகள் – 9

ஊர்க் காவலுக்கு ஓர் ஆள் போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். வீட்டுக்கு வீடு நெல் அளந்துதான் அவருக்குக் கூலி. இருபது வருஷமாக ஊரில் ஒரு களவு இல்லை. ஒருநாள் ஊர்க்கூட்டத்தில் யாரோ எழுந்து கேட்கிறார்: “திருடனே வராத ஊருக்குக் காவல்காரன் எதுக்குங்க?” காவல்காரர் இருப்பதால்தான் திருடன் வரவில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். அதை நிரூபிக்க அவரிடம் என்ன இருக்கிறது?

இந்த வாரம் நாம் போகும் தேசத்தில் அந்தக் கேள்வி 400 வருஷம் ஊறிக்கிடந்தது. அங்கே காவல்காரர்கள் வருவது டிராகன் மேல்.

பெர்ன் என்ற கிரகத்தைப் படைத்தவர் ஆன் மக்கஃப்ரி. அமெரிக்காவில் பிறந்து, 1970-ல் அயர்லாந்தில் குடியேறி, 2011-ல் அங்கேயே மறைந்தவர். பெர்ன் பற்றிய முதல் கதை 1967-ல் ‘அனலாக்’ இதழில் வந்தது. அடுத்த வருஷம் அதற்கு ஹ்யூகோ விருது. புனைகதைக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். டிராகன் என்றதும் ராஜகுமாரியைச் சிறையெடுக்கும் பூதம் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். பெர்னின் டிராகன், ஊர்ப் பொதுச்செலவில் தீனி போட்டு வளர்க்கும் தீயணைப்பு வண்டி மாதிரி.

ஆபத்து வானத்திலிருந்து வருகிறது. சிவப்பு நட்சத்திரம் என்று அவர்கள் அழைக்கும் ஒரு கோள், சுமார் 250 வருஷத்துக்கு ஒருமுறை பெர்னை நெருங்குகிறது. நெருங்கினால் ஏறத்தாழ 50 வருஷம் வானிலிருந்து வெள்ளி நூலாக இழைகள் விழும். மண்ணைத் தொட்ட இழை, பயிர், மரம், மாடு, மனிதன் என்று உயிருள்ள எதையும் தின்றுவிடும். கல்லையும் உலோகத்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மக்கள் மலையைக் குடைந்து வாழ்கிறார்கள். வயலைக் காப்பாற்ற ஒரே வழி, இழை தரையைத் தொடுமுன் வானத்திலேயே எரித்துவிடுவது. தீக்கல்லை மென்று நெருப்பு கக்கும் டிராகன்கள் அதற்குத்தான்.

இந்த ஒரு தேவையைச் சுற்றி மூன்று அமைப்புகள் உருவாயின. முதலாவது ‘ஹோல்டு’. நிலமும் விளைச்சலும் பிரபுக்களின் கையில். இரண்டாவது தொழில் கூடங்கள். கொல்லர், நெசவாளர், வைத்தியர், பாணர் என்று தொழிலுக்கு ஒரு கூடம், அதற்கு ஒரு தலைமை ஆசான். மூன்றாவது ‘வெயர்’. அவிந்த எரிமலை வாய்களில் டிராகன்களும் வீரர்களும் வாழும் பாசறை. வீரர்கள் உழுவதில்லை, நெய்வதில்லை, நிலம் வைத்துக்கொள்வதும் இல்லை. ஹோல்டுகளும் கூடங்களும் பத்தில் ஒரு பங்கைத் தர, அதில் வெயர் வாழ்கிறது. டிராகன் முட்டை பொரியும் சமயம் வந்தால் எந்த ஹோல்டிலும் நுழைந்து, வீரராகத் தகுதியான பிள்ளைகளைத் தேடி அழைத்துப்போகும் உரிமையும் வெயருக்கு உண்டு. தானியத்தையும் கொடு, பிள்ளையையும் கொடு. இழை விழும் காலத்தில் இதை யாரும் அதிகம் என்று சொல்ல மாட்டார்கள்.

விழாத காலத்தில்? இங்கேதான் மக்கஃப்ரி கெட்டிக்காரத்தனம் செய்கிறார். 1968-ல் வந்த ‘டிராகன்ஃபிளைட்’ நாவல், போர் நடக்கும்போது தொடங்குவதில்லை. கடைசி இழை விழுந்து 400 வருஷம் கழிந்தபின் தொடங்குகிறது. ஒரு முறை சிவப்பு நட்சத்திரம் போதிய அளவு நெருங்காமலே போனதால் இடைவெளி இரட்டிப்பானது. ஆறு வெயர்களில் ஐந்து காலியாகக் கிடக்கின்றன. மிஞ்சிய பெண்டன் வெயர் அரைவயிற்றுக் கஞ்சியில் ஓடுகிறது. ஹோல்டு வாசலிலேயே புல்லும் மரமும் செழித்து நிற்கின்றன. இழைக்கு இரையாகும் எதையும் குடியிருப்பருகே வளரவிடக் கூடாது என்ற பழைய சட்டத்தைக் கேட்டால் சிரிக்கிறார்கள். ஆற்றைக் கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி?

காவல் தளர்ந்தால் என்ன முளைக்கும் என்பதற்கு ஃபேக்ஸ் சாட்சி. ஒரு ஹோல்டின் பிரபு, அக்கம்பக்கத்தை விழுங்கி ஏழு ஹோல்டுகளுக்கு அதிபதியாகிறான். ருவாத்தா என்ற ஹோல்டில் ஆளும் குடும்பத்தையே வெட்டிச் சாய்க்கிறான். தப்பிய ஒரே பெண் லெஸ்ஸா, பத்து வருஷம் அதே வீட்டில் அழுக்கு வேலைக்காரியாக ஒளிந்து வாழ்கிறாள். தட்டிக்கேட்கப் பொது அரசன் கிடையாது. வெயரின் மரியாதை ஒன்றுதான் பிரபுக்களுக்குக் கடிவாளமாக இருந்தது. கடிவாளம் இற்றுப்போனது.

பிறகு வெயரின் தலைமை ஃப்லார் என்ற வீரனிடம் வருகிறது. பங்கு தரமாட்டோம் என்று பிரபுக்கள் படை திரட்டி பெண்டனை நோக்கி வருகிறார்கள். ஃப்லார் என்ன செய்தான் தெரியுமா? டிராகன்களுக்கு ஓரிடத்தில் மறைந்து மறு இடத்தில் தோன்றும் ஆற்றல் உண்டு. பிரபுக்கள் வழியில் இருக்கும்போதே அவர்கள் வீட்டுப் பெண்களைப் பிணையாகத் தூக்கிவந்துவிட்டான். படை தலைகுனிந்து திரும்பியது, பங்கும் வந்துசேர்ந்தது.

வாசகர்கள் கைதட்டும் இடம் இது. நான் கொஞ்சம் நெளிந்தேன். வரி கொடு, இல்லாவிட்டால் உன் பெண்டாட்டி என்னிடம் என்பவனுக்கும் ஃபேக்ஸுக்கும் என்ன வித்தியாசம்? இழை நிஜமாகவே விழுந்தது, ஃப்லார் சொன்னது சரியாகிவிட்டது. அந்த ஒன்றுதான் அவனைக் காப்பாற்றுகிறது. விழாமல் போயிருந்தால் அவன் பெயர் வழிப்பறிக்காரன்.

இழை விழும்போது ஒரே ஒரு வெயரால் கிரகம் முழுவதையும் காக்க முடியவில்லை. லெஸ்ஸா ஒரு பழைய திரைச்சீலையில் நெய்திருந்த காட்சியை அடையாளமாக வைத்து, டிராகனில் 400 வருஷம் பின்னால் போய், காணாமல்போன ஐந்து வெயர்களையும் தன் காலத்துக்கு அழைத்துவருகிறாள். சுபம் என்று போட்டிருக்கலாம். மக்கஃப்ரி போடவில்லை.

1971-ல் வந்த ‘டிராகன்க்வெஸ்ட்’ நாவல் ஒரு கத்தியில் தொடங்குகிறது. கொல்லர் கூடத்தில், ஒரு பிரபுவுக்காகச் செய்த அழகான இடுப்புக் கத்தி. பழங்காலத்திலிருந்து வந்த வீரர்கள் அதைத் தமக்குக் கொடு என்கிறார்கள். வீரன் கேட்டால் கொடுப்பதுதானே முறை, அவர்கள் காலத்தில் அப்படித்தான் இருந்தது. கொல்லன் மறுக்கிறான். தடுக்கப்போன ஃப்லாரின் சகோதரனுக்குக் கத்திக்குத்து. காப்பாற்ற வந்தவர்களே இப்போது ஊருக்குப் பாரம். கடைசியில் ஃப்லார் அவர்கள் தலைவனோடு ஒரு கல்யாண வீட்டில் கத்திச்சண்டை போட்டு வென்று, தன் தலைமையை ஏற்காதவர்களைத் தென்கண்டத்துக்கு அனுப்பிவைக்கிறான்.

இந்தத் தேசத்தில் நான் அதிகம் மதிப்பது பாணர் கூடத்தை. ராபின்டன் என்ற தலைமைப் பாணர் நடத்தும் அந்தக் கூடம் பள்ளிக்கூடம், பத்திரிகை, ஆவணக்காப்பகம் மூன்றுக்கும் சமம். எந்தக் கடமை யாருக்கு, பங்கு ஏன் தரவேண்டும் என்பதைக் குழந்தைகளுக்குப் பாட்டாகக் கற்பிப்பது பாணர்தான். 400 வருஷம் கழித்தும் வெயர் என்ற ஒன்று மிஞ்சியிருந்ததற்கு அந்தப் பாட்டுகளுக்கும் பங்கு உண்டு. அந்தக் கூடத்துக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. மெனொலி என்ற மீனவ ஹோல்டுப் பெண் பாட்டுக் கட்டுகிறாள். பெண் எப்படிப் பாணராகலாம் என்று அப்பாவே தடுக்கிறார். அவள் வீட்டைவிட்டு ஓடிக் குகையில் வாழ்ந்தபின்தான் ராபின்டன் கண்ணில் படுகிறாள்.

வீடற்றவர்களும் இருக்கிறார்கள். எந்த ஹோல்டிலும் எந்தக் கூடத்திலும் இடம் இல்லாதவர்கள். இழை விழும் தேசத்தில் கல்கூரை இல்லாதவன் கதி என்ன? பங்கு கொடுப்பவனுக்குத்தான் பாதுகாப்பு என்றால், கொடுக்க ஒன்றுமில்லாதவன் கணக்கில் எங்கே வருவான்? 1989-ல் வந்த ‘ரெனகேட்ஸ் ஆஃப் பெர்ன்’ நாவலில் அவர்களில் சிலர் கொள்ளைக்கூட்டமாகிறார்கள். எனக்கு ஆச்சரியமில்லை.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எட்டுத் தேசங்களிலும் ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஆபத்து தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆபத்து போனால் பிழைப்பும் போகுமே. பெர்னில் நடந்தது வேறு. இழையை விழுங்கும் ஒருவகைப் புழு தென்கண்டத்து மண்ணில் இருப்பது தெரிந்ததும், அதை வடக்கிலும் பரப்பவேண்டும் என்று முனைந்தவன் ஃப்லார்தான். நிலமே தன்னைக் காத்துக்கொண்டால் டிராகன் எதற்கு என்று கேட்பார்களே என்று அவனுக்கும் தெரியும். 1991-ல் வந்த ‘ஆல் தி வெயர்ஸ் ஆஃப் பெர்ன்’ நாவலில் அதற்கும் ஒருபடி மேலே போகிறார்கள். முன்னோர் விட்டுச்சென்ற விண்கப்பல்களின் எஞ்சின்களை டிராகன்களே சுமந்துபோய், வெடிக்கவைத்து, சிவப்பு நட்சத்திரத்தின் பாதையை மாற்றிவிடுகின்றன. அது இனி இழையைக் கொண்டுவராது. தங்கள் வேலையைத் தங்கள் கையாலேயே முடித்துவைத்த ஒரு படை!

அப்புறம் சோற்றுக்கு வழி? 2001-ல் வந்த ‘தி ஸ்கைஸ் ஆஃப் பெர்ன்’ நாவலில் வெயர்களே இந்தக் கேள்வியைக் கேட்கின்றன. ஹோல்டுகளின் பங்கை இனி எந்த முகத்தோடு வாங்குவது? வீரர்கள் வேறு தொழில் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். வானிலிருந்து ஒரு தீக்கோளம் கடலில் விழுந்து கரையோர ஊர்களை அலை அடித்துப்போனபின், வானத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்கிறார்கள். புது வேலை, புதுக் கணக்கு.

அதனால்தான் பெண்களைப் பிணை வைத்த பாவத்தையும் மீறி ஃப்லாருக்கு என் ஓட்டு. காவல்காரர் யோக்கியரா என்று தெரிந்துகொள்ள, அவர் பிடித்த திருடர்களை எண்ணவேண்டாம். திருட்டே இல்லாமல் போக ஒரு வழி தெரிந்தால் அதை ஊருக்குச் சொல்வாரா, மறைப்பாரா என்று பாருங்கள்.

(தொடரும்)