எச்சில் என்பது மிச்சம்

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் கடலுக்குப் போய்த் திரும்பினவர்கள் டீக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதைப் பாருங்கள். பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். ஒரே பாட்டில் நாலு கை மாறும். பொடியன் எவனாவது வாய் வைத்துவிட்டால், "எச்ச பண்ணாதடா!" என்று அதட்டல் விழும்.

நாம் எச்சில் என்றதும் வாயில் ஊறும் நீரைத்தான் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சொல் வாயில் பிறந்ததல்ல, இலையில் பிறந்தது. எஞ்சுதல் அதன் வேர். எஞ்சியது எச்சம். பள்ளியில் படித்த பெயரெச்சமும் வினையெச்சமும் இந்த வகைதான்: 'வந்த' என்று நிறுத்தினால், வந்தது யார் என்பது மிச்சம் நிற்கிறது. ஒருவர் தமக்குப் பின் விட்டுச்செல்வதை வள்ளுவரும் எச்சம் என்றே சொல்கிறார். அப்படித்தான் உண்டு மிஞ்சிய சோறு எச்சில் ஆயிற்று.

சந்தேகம் இருந்தால் பழமொழியைக் கேளுங்கள். கஞ்சனை 'எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன்' என்கிறோம். எச்சில் வெறும் ஈரம் என்றால் இதில் அர்த்தமே இல்லை. கையில் ஒட்டிய பருக்கை உதிர்ந்து காக்கைக்குப் போய்விடுமே என்ற கவலை அவனுக்கு! தெலுங்கில் எங்கிலி, கன்னடத்தில் எஞ்சலு, மலையாளத்தில் எச்சில் என்று அக்கம்பக்கமெல்லாம் இந்தச் சொல் இருக்கிறது. மிச்சத்தில் வாய் பட்டிருக்கும். நாளடைவில் அந்த ஈரத்துக்கே பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

வாய்நீருக்கென்றே உள்ள சொல் உமிழ்நீர். அது பாடப்புத்தகத்தோடும் மருத்துவரோடும் நின்றுவிட்டது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் சுரந்து, சோற்றின் மாவுச்சத்தை வாயிலேயே செரிக்கத் தொடங்குகிற அருமையான நீர் அது.

'எச்ச' என்று ஆளைத் திட்டும்போதுதான் எனக்கு மனம் கசக்கிறது. அடுத்தவர் இலையின் மிச்சத்தைத் தின்ன வேண்டியிருந்தது பசித்தவன் குற்றமா? வைத்தவர்களை விட்டுவிட்டு, தின்றவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டினோம். காளத்தியில் கண்ணப்பர் கடித்துச் சுவை பார்த்த இறைச்சியை இறைவனே ஏற்றான் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிய பிறகும்.

எச்சில் படாமல் பங்கிட்டுத் தின்னப் பிள்ளைகள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ஒரு கமர்கட்டு, இரண்டு சிநேகிதர்கள். சட்டை நுனியில் வைத்துச் சுற்றி, துணியோடு நறுக்கென்று கடித்தால் இரண்டாகும். காக்காக் கடி. எச்சிலே இல்லை.