பிரெஞ்சைத் தமிழ் வழியாகவே படிக்கலாம்

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் மாண்டார். சந்தா சாகிபோடு சேர்ந்து வென்றது பிரெஞ்சுப் படை. இன்று அதே ஆம்பூரிலிருந்து பிரான்சுக்கு ஷூ போகிறது. ஆனாலும் பக்கத்திலுள்ள வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டாரத்தில் பிளஸ் டூவிலோ கல்லூரியிலோ பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் அதை இங்கிலீஷ் வழியாகவே படிக்கிறார்கள். பாதிச் சந்தேகங்கள் அங்கேதான் முளைக்கின்றன.

‘எனக்கு இருபது வயசு’ என்பதற்கு ‘ஜே’ (எனக்கு உண்டு) போடுவதா, ‘ஜ சுயி’ (நான் இருக்கிறேன்) போடுவதா? இங்கிலீஷை நினைத்தவர் ‘ஜ சுயி’ என்று எழுதித் தப்பு வாங்குவார். தமிழில் யோசித்துப் பாருங்கள்: எனக்குத் தம்பி இருக்கான், எனக்கு இருபது வயசு, எனக்குப் பசி. மூன்றுக்கும் ‘எனக்கு’. பிரெஞ்சிலும் மூன்றுக்கும் ‘ஜே’தான்.

‘தெப்யுயி’யும் (இத்தனை காலமாக) அப்படியே. ‘ரெண்டு வருஷமா படிக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதைப் பிரெஞ்சுக்காரரும் நிகழ்காலத்திலேயே சொல்கிறார். இதற்கு இங்கிலீஷின் காலக் கணக்கு எதற்கு? மூக்கொலிக்கும் பயம் வேண்டாம். பேச்சில் ‘மரம்’ என்னும்போது கடைசியில் உதடு மூடுவதில்லை, ஒலி மூக்கில் போய் நிற்கிறது. ‘போன்’ (நல்ல) என்ற பிரெஞ்சுச் சொல்லின் முடிவு அதற்கு வெகு அருகில். ‘த்யூ’, ‘வூ’ இரண்டும் நம் நீ, நீங்கதான்.

உண்மையிலேயே கடினம், பால். நமக்குத் தோலும் செருப்பும் அஃறிணை, அவ்வளவுதான். அங்கே ‘குயிர்’ (பதனிட்ட தோல்) ஆண்பால், ‘போ’ (உடம்பின் தோல், பச்சைத் தோல்) பெண்பால். ஒரே ஷூவை ‘சூல்யே’ என்றால் ஆண்பால், ‘ஷோஸ்யூர்’ என்றால் பெண்பால். பால் பொருளுக்கு இல்லை, சொல்லுக்குத்தான். இதை முதல் வகுப்பிலேயே சொன்னால் பிள்ளைகள் காரணம் தேடி அலைய மாட்டார்கள். சொல்லின் வால் கொஞ்சம் கைகொடுக்கும்: பதனிடும் வேலையான ‘தனாஜ்’ போல ‘ஆஜ்’ என முடிபவை பெரும்பாலும் ஆண்பால், தோல் பதனிடும் ஆலையான ‘தன்ரி’ போல முடிபவை பெண்பால். ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் ஆண்பாலின் ‘ல’, பெண்பாலின் ‘லா’வோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் நல்லது.

முசே, துப்புயி என்ற பாதிரிமார் 1855-இலேயே புதுச்சேரியில் தமிழ்–பிரெஞ்சு அகராதி அச்சிட்டார்கள். இடையில் இங்கிலீஷ் இல்லை. வேலூர்ப் பிள்ளைகளுக்கும் அப்படியொரு இலக்கணப் புத்தகம் வேண்டும், தோல் ஷாப்புச் சொற்களோடு.