ரிம் வாங்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

அனல்மின் நிலையத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் இரவு பகலாகக் கனரக லாரிகள் ஓடும் ஊர் அத்திப்பட்டு. மழை பிடித்துவிட்டால் இங்கே பஞ்சர் கடைகளில் வளைந்த அலாய் வீலோடு யாராவது நிற்பார்கள். விசாரித்தால் ஒரே கதைதான். கம்பெனி ரிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு 17 இன்ச் மாட்டினாராம், குழியில் இறங்கியதும் போயிற்றாம். பில் எங்கே என்றால் கடையின் விசிட்டிங் கார்டை நீட்டுவார்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. 185/65 ஆர்15 என்றிருந்தால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. அதே காருக்குக் கடைக்காரர் 205/45 ஆர்17 பரிந்துரைப்பார். மொத்த விட்டம் 622-லிருந்து 616 மி.மீ. ஆகும். ஸ்பீடோமீட்டர் பெரிதாகத் தப்புக் காட்டாதுதான். ஆனால் பக்கச்சுவர் 92 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. குழியின் அடியை வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரில் கிட்டத்தட்ட 3 செ.மீ. காணோம். துறைமுகச் சாலையில் அந்த அடி நேராக ரிம்முக்குத்தான் போகும்.

இன்ச் மட்டும் பொருந்தினால் போதாது. போல்ட் வட்டம், நடுத்துளை, ஆஃப்செட், டயரின் சுமை எண் எல்லாமே பொருந்த வேண்டும். 98 மி.மீ. வட்டத்து ரிம் 100 மி.மீ. ஹப்பில் ஏறியதுபோலவே தெரியும். நட்டு சரியாக உட்காராது. “ஸ்பேசர் போட்டுக்கலாம் சார்” என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையைவிட்டு இறங்கிவிடுங்கள். பெரிதாகத்தான் வேண்டுமென்றால், அதே மாடலின் உயர் வேரியன்டுக்குக் கம்பெனியே தரும் அளவோடு நிறுத்துங்கள். அது உங்கள் வண்டிக்கு ஆகுமா என்பதைச் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் சாரம். உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாலையில் யாரும் பிடிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. அதிகாரிகளின் அலட்சியத்துக்கு இதில் பாதிப் பங்கு. ஆனால் விபத்துக்குப் பின் வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் சக்கரத்தைக் கட்டாயம் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மையே கவிழ்க்கலாம். டயர் மட்டும் சேதமானால் சாதாரண பாலிசியில் எதுவும் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலாய் வீலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் ஐ.எஸ். 16192 என்ற எண்ணையும் தேடுங்கள். அருகே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதைப் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், இப்போதும் செல்லுமா என்பது தெரியும். கடையில் நின்றபடியே பாருங்கள்.

பில் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. எண், ரிம்மின் பிராண்டு, அளவு, உங்கள் கார் மாடல், பதிவு எண் எல்லாம் அதில் வர வேண்டும். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்தக் குறைச்சலோடு உங்கள் வழக்கும் போய்விடும்.

ரிம் வெடித்தாலோ வளைந்தாலோ முதலில் நம்மவர்கள் செய்வது தட்டி நிமிர்த்துவது, வெல்டிங் வைப்பது. செய்யாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. போட்டோ எடுத்து, ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு, கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ரிம்மைச் சென்னை புதுப்பேட்டையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. மனுவோடு நோட்டீஸ் நகல், தபால் ரசீது, போட்டோ, சர்வீஸ் சென்டரின் எழுத்து, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பில், மறுபடியும் சொல்கிறேன், அந்தப் பில்.

இன்னொன்று: ஸ்டெப்னி பழைய அளவிலேயே கிடந்தால், அதை மாட்டியதும் மெதுவாக ஓட்டி அடுத்த பஞ்சர் கடையிலேயே மாற்றிவிடுங்கள்.